காஸ்னர், மெஸ்மர், 1784ஆம் ஆண்டின் சோதனை

நோயாளி குணமடைந்தார் என்பது ஒரு செய்தி. இன்னதினால் குணமடைந்தார் என்பது வேறொரு செய்தி. முன்னதைக் கண்ணால் காணலாம். பின்னதை ஆராய்ந்தே அறிதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை கல்லாதவர்க்கு மட்டும் உரியதன்று. குருமாரும் மருத்துவரும் இதில் இடறியுள்ளனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் நிகழ்ந்த இரு விசாரணைகளை நாம் இங்கு இதற்குச் சான்றாக ஆராய முற்படுகிறோம்.

1774, 1775ஆம் ஆண்டுகளில் தென் ஜெர்மானிய நாடுகளில் யோகான் யோசேப் காஸ்னர் என்னும் உரோமைக் குருவானவரை நாடி மக்கள் திரள்திரளாகச் சென்றனர். அவரது முறை எளியது. நோயாளியின் முன் நின்று, நோய் பிசாசினால் வந்ததாயின் அதன் அறிகுறி இப்பொழுதே வெளிப்படுவதாக என்று கட்டளையிடுவார். நோயாளிக்கு வலிப்புக் கண்டால் அது பிசாசின் செயல், பேயோட்டுதலே மருந்து. ஒன்றும் நிகழாவிடில் அது இயற்கை நோய், மருத்துவரிடம் அனுப்பிவிடுவார். காஸ்னர் வஞ்சகர் அல்லர்; பக்தியுள்ளவர். எனினும் இச்சோதனையில் ஒரு பெருங்குறை உண்டு. நோயாளி தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது யாதென முன்னரே அறிந்திருந்தார்.

1775இல் பவேரிய ஆட்சியாளர் வியன்னா மருத்துவர் பிரான்ஸ் அன்டன் மெஸ்மரை மியூனிக் நகருக்கு வரவழைத்துக் கருத்துக் கேட்டார். மெஸ்மர் தமது விரலால் தொட்டே நோயாளிகளுக்கு வலிப்பை வருவித்தும் நீக்கியும் காட்டினார். பிசாசு இங்கு இல்லை. 'விலங்குக் காந்தம்' என்னும் இயற்கை ஆற்றலையே காஸ்னர் தம்மை அறியாமல் பயன்படுத்துகிறார் என்றார். பேரரசர் இரண்டாம் யோசேப்பு காஸ்னரை ரேகன்ஸ்பர்க் நகரைவிட்டு நீங்கச் செய்தார். போப்பு ஆறாம் பயஸும் அவரது பகிரங்க முறையை ஏற்கவில்லை. அறிவு மூடநம்பிக்கையை வென்றது என்று அன்று பலர் எண்ணினர். உண்மையில் காணப்படாத ஒன்றை அகற்றிவிட்டு, காணப்படாத மற்றொன்றை அவ்விடத்தில் வைத்தார்கள். காஸ்னர் உரோமைக் குரு என்பதால் நாம் மகிழ்வதற்கும் இங்கு ஒன்றுமில்லை.

1778இல் மெஸ்மர் பாரிசுக்குச் சென்றார். காந்தமேற்றியதாகக் கருதப்பட்ட நீர்ப்புட்டிகள் அடங்கிய ஒரு மரத்தொட்டி, அதினின்று நீண்ட இரும்புக் கம்பிகள், சுற்றிலும் நோயாளிகள். அவர்களில் பலர் நடுங்கினர், அழுதனர், வலிப்புற்று விழுந்தனர். பின்பு நலமடைந்தோம் என்றனர். நகரமெங்கும் இதே பேச்சாயிற்று.

1784இல் மன்னர் பதினாறாம் லூயி ஒன்பதுபேர் அடங்கிய குழுவை நியமித்தார். நால்வர் மருத்துவப் பேரவையினர். ஐவர் அறிவியல் கழகத்தினர். வேதியியலறிஞர் லவாய்சியர், வானநூலறிஞர் பாயி, மருத்துவர் கியோத்தன், அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்கிளின் ஆகியோர் அதில் இருந்தனர். மெஸ்மர் சோதனைக்கு உடன்படவில்லை. அவரது சீடர் டெஸ்லோன் உடன்பட்டார்.

குணமானவர்களின் சாட்சியைக் கொண்டு தீர்ப்பளிப்பதில்லை என்று குழுவினர் முதலிலேயே முடிவு செய்தது நம் கவனத்துக்குரியது. மருந்தின்றியும் நோய்கள் தணிவதுண்டு. ஆகவே குணமானது காந்தத்தினாலேதான் என்று அதைக்கொண்டு நிலைநாட்ட இயலாது. அந்த ஆற்றல் உண்டா என்பதே அவர்கள் கேட்ட வினா.

78 வயதான பிராங்கிளின் நோயுற்றிருந்ததால் பாஸியிலிருந்த அவரது இல்லத்தில் சில சோதனைகள் நடந்தன. தோட்டத்தில் ஒரு சர்க்கரைப் பாதாமி மரத்துக்கு டெஸ்லோன் காந்தமேற்றினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் அழைத்துச் சென்றனர். நான்காவது மரத்தருகே அவன் மயங்கி விழுந்தான். காந்தமேற்றிய மரமோ அங்கிருந்து ஏறத்தாழ 24 அடி தொலைவில் நின்றது. லவாய்சியரின் இல்லத்தில் ஒரு பெண்ணிடம் பல கிண்ணங்களை ஒவ்வொன்றாக நீட்டினர். காந்தமேற்றாத கிண்ணத்தைக் கண்டு அவளுக்கு வலிப்பு வந்தது. பின்னர் காந்தமேற்றிய கிண்ணத்திலேயே நீர் பருகி அமைதியடைந்தாள். வேறொருத்திக்குக் காகிதத் தடுப்பின் பின்னிருந்து, அவள் அறியாமல், அரைமணி நேரம் காந்தச் செய்கை நடந்தது. அவளோ உல்லாசமாக உரையாடிக்கொண்டிருந்தாள். அவள் அறியச் செய்தபோது மூன்று நிமிடங்களில் வலிப்புற்றாள்.

ஆகஸ்டு மாதம் குழுவின் அறிக்கை வெளிவந்தது. கற்பனை மட்டும் இருந்தால் வலிப்பு உண்டாகிறது. கற்பனையின்றிக் காந்தம் மட்டும் இருந்தால் ஒன்றும் உண்டாவதில்லை என்பதே அதன் சாரம். நோயாளிகள் நடித்தார்கள் என்று அது கூறவில்லை. அவர்கள் பட்டது உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணமே பொய். நோயாளியின் எதிர்பார்ப்பு உடலில் எவ்வளவு செய்யும் என்பது அன்று முதல் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. இன்று புதிய மருந்தைச் சோதிப்போர் வெறும் மாத்திரையோடு அதை ஒப்பிடுவதும், எது எவருக்குக் கிடைத்தது என்பதை மறைத்துவைப்பதும் பாஸித் தோட்டத்தில் கண்ட அதே நெறியாகும்.

இந்நெறி வேதத்துக்கு அந்நியமன்று. கிதியோன் முதல் இரவில் தோல் நனைந்து தரை காய்ந்திருக்கக் கேட்டான். மறு இரவில் தோல் காய்ந்து தரை நனைந்திருக்கக் கேட்டான். கம்பளித்தோல் இயல்பாகவே ஈரத்தை ஈர்த்திருக்கக்கூடும் என்னும் ஐயத்துக்கு இரண்டாம் கேள்வி இடம் வைக்கவில்லை. அவன் அஞ்சியே கேட்டான். ஆயினும் கர்த்தர் அவனைக் கடிந்துகொண்டதாக நாம் வாசிப்பதில்லை. எல்லாவற்றையும் சோதித்தறியும்படி தெசலோனிக்கே சபைக்கு எழுதிய பவுல், அதற்கு முந்திய வசனங்களில் ஆவியை அவிக்கவும் தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணவும் வேண்டாம் என்கிறார். சோதித்தல் அவிசுவாசமன்று என்பதற்கு இவ்வரிசையே போதும்.

இதை எழுதும் நாம் குற்றமற்றவர் அல்லோம். குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், எங்கள் சேகரத்தில் காசநோயுற்ற ஒரு சகோதரி இரண்டு மாதம் மாத்திரை உட்கொண்டிருந்த நிலையில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குச் சென்றுவந்தார். இருமல் நின்றிருந்தது, உடல் தேறியிருந்தது. கர்த்தர் சுகம் தந்தார், இனி மருந்து வேண்டாம் என்று அவர் சொன்ன சாட்சியை நாமே ஆராதனையில் மகிழ்ச்சியோடு அறிவித்தோம். இரண்டு மாதத்து மருந்து என்ன செய்திருக்கும் என்று நாம் கேட்கவில்லை. ஆறு மாதமும் உட்கொள்ள வேண்டிய மருந்து அது என்பதை விசாரித்தறியவும் இல்லை. அடுத்த ஆண்டு அவரது அடக்க ஆராதனையை நடத்தியவரும் நாமே.

அந்தச் சகோதரி பொய் சொல்லவில்லை. பாரிசின் நோயாளிகளைப் போலவே தாம் உணர்ந்ததைச் சொன்னார். காரணத்தை ஆராயும் பொறுப்பு எம்முடையது. குணமளிப்பவர் தேவனே என்று அறிக்கையிடும் நாம், மாத்திரையின் வழியாகவும் அவர் குணமளிப்பார் என்பதை அன்று மறந்தோம்.

ஆகவே, இறையியல் மாணவருக்கு நாம் கூறுவது இதுவே. நோயாளிக்காக ஜெபியுங்கள், கைவைத்து ஜெபியுங்கள். சாட்சி கூற ஒருவர் வரும்போது, நோய் இன்னதென்று கண்டறிந்தவர் யார், வேறு எம்மருந்து உட்கொள்ளப்பட்டது, எத்தனை நாள் கடந்தன என்று அன்போடு கேளுங்கள். மருந்தை நிறுத்துமாறு ஒருபோதும் சொல்லாதீர்கள். நிறுத்தியவரை மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். மெய்யாகவே தேவன் செய்த செயல் இக்கேள்விகளால் குறைந்துபோகாது.