எலியின் கல்லீரல் தகர்த்த விதி

'பெட் ஸ்கேன்' எடுத்தாயிற்று, எதுவும் ஒளிரவில்லை. இப்படிக் கேட்டதும் நோயாளியின் குடும்பத்தார் பெருமூச்சு விடுவது இயல்பு. ஆனால், கல்லீரல் என்றால் மட்டும் மருத்துவர்கள் கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள். நுரையீரல் கட்டியையும் நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயையும் பளிச்செனக் காட்டும் அதே கருவி, கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயைப் பல வேளைகளில் தவறவிட்டு விடுகிறது. கருவியில் பழுதில்லை. காரணம் ஒரு நொதி.

நொதி என்பது உயிரணுவுக்குள் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றிக் கொடுக்கும் புரதம். புற்றுநோயில் இந்த நொதிகள் எப்படி மாறுகின்றன என்ற கேள்விக்கு வயது நூறு.

1920களில் பெர்லினின் தாலெம் பகுதியில் ஓட்டோ வார்பர்க் எலிகளின் புற்றுக்கட்டியை மெல்லிய சீவல்களாக அறுத்து, அவை எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன, எவ்வளவு அமிலத்தை வெளியிடுகின்றன என்று அளந்தார். வேகமாக ஓடும்போது ஆக்சிஜன் போதாமல் கால் தசை சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகிறது அல்லவா? கட்டியோ ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அதையே செய்தது. உயிரணுவின் சுவாசம் பழுதாவதே புற்றுநோயின் வேர் என்று அவர் முடிவு கட்டினார். (1931இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு இதற்காக என்று பலர் எழுதுகிறார்கள். அது சுவாச நொதி பற்றிய ஆய்வுக்குக் கிடைத்தது.)

அதற்குள் ஜப்பானில் இன்னொரு கதவு திறந்திருந்தது. சசாகியும் யோஷிடாவும் 1930களில் ஒரு சாயப்பொருளை எலிகளுக்கு உணவோடு கொடுத்துக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். அதன் உறவான 'வெண்ணெய் மஞ்சள்' சாயமும் அப்படியே செய்தது. பெயருக்கேற்ப வெண்ணெய்க்கும் மார்ஜரினுக்கும் நிறம் கொடுத்த சாயம் அது!

இப்போது ஆய்வாளர்களின் கையில் நல்ல கல்லீரலும் இருந்தது, கெட்ட கல்லீரலும் இருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைன் இரண்டையும் ஒப்பிட்டார். யூரியா தயாரிக்கும் ஆர்ஜினேஸ், நச்சுப் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் போன்ற கல்லீரலின் தனிச்சொத்தான நொதிகள் கட்டியில் சரிந்திருந்தன. எந்த உறுப்பில் பிறந்தாலும் கட்டிகள் தங்கள் அடையாளத்தை இழந்து ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன என்று 1947இல் வெளியிட்ட தமது நூலில் எழுதினார்.

அழகான விதிதான். ஆனால், எந்தக் கட்டிகளைப் பார்த்து அதை எழுதினார்கள்? பெரும்பாலும் எலிக்கு எலி மாற்றி ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்பட்ட, படுவேகமாகப் பெருகும் கட்டிகளை. ஆய்வுக்கூடத்துக்கு அவைதாம் வசதி. வசதிக்காகத் தேர்ந்ததே உண்மையின் முழு உருவம் என்று எல்லாரும் நம்பிவிட்டனர்.

அதே கழகத்தைச் சேர்ந்த ஹெரால்ட் மோரிஸ் பொறுமைசாலி. மெதுவாக வளரும் கல்லீரல் கட்டிகளை எலிகளில் உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். 1960இல் வெளிவந்த 5123ஆம் எண் கட்டி புகழ்பெற்றது. அது புற்றுநோய்தான், ஐயமில்லை. ஆனால், நல்ல கல்லீரலின் நொதிகளில் பலவற்றை அது விடாமல் வைத்திருந்தது. வார்பர்க் சொன்ன அளவுக்கு லாக்டிக் அமிலமும் அதில் சுரக்கவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வான் பாட்டர் இவற்றை 'மிகக் குறைந்த அளவே விலகிய' கட்டிகள் என்றழைத்தார். சுவாசம் பழுதாகாமலே புற்றுநோய் பிறக்க முடியும் என்றால், பழுதை வேர் என்று எப்படிச் சொல்வது?

பிறகு இண்டியானாவில் ஜார்ஜ் வெபர் மோரிஸின் கட்டிகளை வேகத்தின்படி வரிசைப்படுத்தினார். வேகம் கூடக்கூடச் சர்க்கரையை எரிக்கும் ஹெக்சோகைனேஸ் ஏறியது. சர்க்கரையை இரத்தத்துக்கு விடுவிக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் இறங்கியது. கட்டிகள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. ஒரே பாதையில் வெவ்வேறு தூரத்தில் நின்றன. பாரிசில் ஷபீராவின் குழுவினரோ 1963இல் இன்னொன்றைக் கண்டனர். கல்லீரல் புற்றில் வளர்ந்த கல்லீரலுக்குரிய ஆல்டோலேஸ் நொதி குறைந்து, கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரலில் காணப்படும் வடிவம் தலைகாட்டியது.

இனி அந்த ஸ்கேனுக்கு வருவோம். இரத்தத்தில் செலுத்தப்படுவது சர்க்கரையைப் போன்ற ஒரு கதிரியக்கப் பொருள். உயிரணுவுக்குள் நுழைந்ததும் ஹெக்சோகைனேஸ் அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிப் பூட்டிவிடும். பூட்டப்பட்டது குவியும், குவிந்தது ஒளிரும். ஆனால், கல்லீரலிடம் அந்தப் பூட்டுக்குச் சாவி உண்டு. பட்டினி வேளையில் உடலுக்குச் சர்க்கரை அனுப்புவது அதன் வேலை அல்லவா? குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் பாஸ்பேட்டைக் கழற்றி அப்பொருளை வெளியே விட்டுவிடுகிறது. மெதுவாக வளரும் கல்லீரல் புற்றும் அந்தச் சாவியைத் தொலைப்பதில்லை. அதனால் சுற்றியுள்ள நல்ல திசுவோடு திசுவாக மறைந்து நிற்கிறது.

ஆகவேதான் கல்லீரலுக்கு மருத்துவர்கள் சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களையே பெரிதும் நம்புகிறார்கள். பெட் ஸ்கேனில் ஒரு கல்லீரல் புற்று பளிச்சென்று தெரிந்தால், அது சாவியைத் தொலைத்த, வேகமாகப் பரவக்கூடிய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.