ஐம்பது சிசி வண்டியும் குமுளி மலைச்சாலையும்

குமுளியைப் பற்றிய வரலாற்றெழுத்து பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளைச் சுற்றியே வருகிறது: பெரியாறு அணை நிறைவுற்ற 1895, பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தோடு நின்றுவிட்ட 1956. எல்லை அங்கே ஒரு கோடாக மட்டுமே தென்படுகிறது. அக்கோட்டை நாள்தோறும் கடந்துபோன வண்டிகள் ஆய்வுக்குரிய பொருளாகக் கருதப்படுவதில்லை.

கம்பம், கூடலூர்ப் பகுதியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரின் ஊர்தி ஜீப் என்பதே பொதுக்கருத்து. அது சரியே. ஆனால் ஜீப்பில் ஏறியவருக்கு, புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் தம் கையில் இல்லை. சொந்த வண்டி என்பது அம்மலையில் வேகத்தைக் குறித்ததன்று. இந்த நேரத்தைக் குறித்தது.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. அதற்கு முன்பே சுவேகா, லூனா போன்ற மொபெட்டுகள் இருந்தன. இருவர் அமரத்தக்கதாக வடிவமைக்கப்பட்டது என்பதே ஓசூர் வண்டியின் சிறப்பு. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கணவனும் மனைவியும் ஒரு மூட்டையும் ஏறிக்கொள்ளக்கூடிய மலிவான வண்டி என்ன மாற்றத்தை உண்டாக்கியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சமவெளிக்கென உருவான வண்டியை மலைக்குப் பழக்கியவர்கள் மெக்கானிக்குகளே. லோயர் கேம்பிலிருந்து குமுளி வரை சாலை விடாமல் ஏறுகிறது. கியர் இல்லாத வண்டி ஏற்றத்தில் திணறும். சங்கிலி ஓடும் முன்பற்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்தாலோ பின்பற்சக்கரத்தில் கூட்டினாலோ வேகம் குறைந்து இழுவை கூடும். பின்னிருக்கையைக் கழற்றி இரும்புக் கேரியரைப் பற்றவைத்தால் மூட்டை நிற்கும். இறக்கம் வேறொரு சிக்கல். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயவு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே போகிறது; ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மூடிவிட்டு நெடுந்தொலைவு இறங்கினால் பிஸ்டனுக்கு எண்ணெய் எட்டாது. இறங்கும்போதும் இடையிடையே சற்றுத் திருகிக்கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்துக்குக் காரணம் இதுவே. (இதை மூடநம்பிக்கை என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.)

பின்னாளில் வந்த எக்ஸ்.எல். சூப்பர் வண்டியில் பின்னிருக்கை கழற்றத்தக்கதாகவே அமைந்தது. பட்டறையில் பிறந்த பழக்கத்தைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது என்றே இதனை நான் வாசிக்கிறேன். சட்டம் எதிர்த்திசையில் நடந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இறுக்கப்பட்டது. தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பதை 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அழகுக்காக மாற்றுபவரும் ஏற்றத்துக்காக மாற்றுபவரும் சட்டத்தின் முன் ஒருவரே ஆயினர். பாதுகாப்பு என்னும் வாதத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் மலைச்சாலையின் தேவை அவ்வாதத்தில் இடம்பெறவேயில்லை.

சொந்த வண்டி தந்த விடுதலைக்கும் எல்லை உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு கொந்தளிப்பில் குமுளிப் பாதை அடைபட்டபோது ஜீப்பும் மொபெட்டும் ஒருசேரக் கீழேயே நின்றன.

2015இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது. 2020இல் பி.எஸ். 6 விதிகளோடு கார்புரேட்டர் போய், எரிபொருளை மின்னணுக் கருவி அளந்து செலுத்தும் முறை வந்தது. பற்சக்கரத்தை இன்றும் ஸ்பேனரால் மாற்றிவிடலாம். பெட்ரோலின் அளவைத் திருகாணியால் கூட்டிக்குறைக்க இனி இயலாது.