பிரித்தற்கலை பல்கலைக்கழகப் பாடமான வரலாறு

கலத்தல் எளிது, பிரித்தல் அரிது. உப்பு நீரிற் கலப்பதற்கு எவருடைய முயற்சியும் வேண்டப்படுவதில்லை. கலந்த உப்பை மீட்பதற்கோ ஞாயிற்றின் வெப்பம் வேண்டும்; அன்றேல் அடுப்பின் நெருப்பு வேண்டும். கலத்தல் இயற்கையிலே தானாக நிகழ்வது. அதற்கு எதிராகச் செய்யப்படுவது பிரித்தல். ஆதலின் ஒரு கலவையிலிருந்து பிரிக்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் சக்தியாகிய ஒரு விலை கொடுக்கப்படல் வேண்டும். அவ்விலையைக் கணித்தறிந்து, அதனை இயன்றவரை குறைக்கும் வழியை ஆராய்வதே 'பிரித்தற் செயன்முறைகள்' என்னும் பாடம். இரசாயனப் பொறியியல் பயிலும் மாணவர் யாவரும் இன்று இதனைக் கற்கின்றனர்.

பிரித்தற்றொழில் மிகப் பழையது, பாடமோ புதியது. அதன் வயது நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் குறைவானதே. நெடுங்காலம் தொழிலாளர் கையிலும் கண்ணிலும் தங்கியிருந்த திறன் வகுப்பறையிற் கற்பிக்கத்தக்க அறிவாக மாறியது எங்ஙனம், அம்மாற்றத்தாற் பெற்றது யாது, இழக்க நேர்ந்தது யாது என்னும் வினாக்கள் கல்வியின் இயல்பை ஆராய்வார் அனைவருக்கும் பயன்படுவனவாம்.

தொழிலறிவும் அதன் எல்லையும்

ஆனையிறவிலோ தூத்துக்குடியிலோ உப்பளத்தில் உழைத்த தொழிலாளி ஒருவன், கடல்நீர் முழுவதையும் வற்றவிடலாகாது என்பதை நன்கறிவான். நீர் செறியச் செறிய முதலிற் சுண்ணாம்பும், அதன்பின் கிப்சமும் படியும். அவற்றின் பின்னரே கறியுப்பு பளிங்குகளாகத் திரளும். இறுதியில் எஞ்சும் நீரில் மகனீசிய உப்புக்கள் மிகுந்திருக்கும். அந்நீரை வடித்தகற்றாவிடின் உப்புக் கைக்கும். இஃது உண்மையான அறிவே. ஒரு கரைசலிலுள்ள பல பொருள்களை அவற்றின் கரைதிறன் வேறுபாட்டினால் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிக்கும் முறை இதனுள் அடங்கியுள்ளது.

ஆயினும் உப்பளத்தான் அறிந்ததைச் சருக்கரை செய்வோன் அறியான். சருக்கரை செய்வோன் அறிந்ததைச் சாராயம் வடிப்போன் அறியான். மூவரும் திரவத்தை ஆவியாக்கும் தொழிலையே செய்தனர். எனினும் தாம் ஒரே தொழிலைச் செய்வதாக அவர்கள் எண்ணியதில்லை. அறிவு பொருளோடு பிணிக்கப்பட்டிருந்தது. தந்தையிடமிருந்து மைந்தனும், ஆசானிடமிருந்து தொழில் பழகுவோனும் அதனைப் பெற்றனர்.

இந்நிலையிலும் அரிய கருவிகள் தோன்றாமலில்லை. அயர்லாந்தில் மதுவரி அதிகாரியாகவிருந்த ஈனியஸ் கொஃபி என்பார், இடையறாது இயங்கும் வடிகலம் ஒன்றிற்கு 1830 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அதிலே துளையிட்ட தட்டுக்களின் மேலாக நொதித்த திரவம் கீழிறங்க, அதனை எதிர்த்து ஆவி மேலெழும். தட்டுத்தோறும் ஆவியில் மதுசாரம் மிகும். கருவி செவ்வனே இயங்கிற்று. ஆயினும் குறித்த தூய்மையைப் பெற எத்தனை தட்டுக்கள் வேண்டும் என்னும் வினாவிற்குக் கணக்கினால் விடைகாண்பதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் வரை கழிய வேண்டியிருந்தது.

மான்செஸ்ரரில் ஒரு பரிசோதகர்

இப்பாடத்தின் தோற்றத்திற்கு வித்திட்டது பிரித்தானியாவின் காரத்தொழில். லெபிளாங்கு முறையிற் சோடா செய்வோர் கறியுப்பைச் சல்பூரிக்கமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கினர். அப்போது வெளிப்பட்ட ஐதரோகுளோரிக்கமில வாயு அயலிலுள்ள பயிரையும் மரங்களையும் கருகச் செய்தது. 1836 ஆம் ஆண்டில் வில்லியம் கொசேஜ் என்பார், பயன்படாது கிடந்த காற்றாலைக் கோபுரம் ஒன்றினுள் முட்செடிகளையும் சுள்ளிகளையும் நிரப்பி, மேலிருந்து நீரை வழியவிட்டு, கீழிருந்து அவ்வாயுவைச் செலுத்தினார். நீர் வாயுவை உறிஞ்சிற்று. சுள்ளிகள் செய்த உதவி யாதெனில், நீரைப் பரப்பி வாயுவோடு பொருந்தும் மேற்பரப்பை மிகுவித்தமையே. இன்றைய உறிஞ்சற் கோபுரங்களில் நிரப்பப்படும் வளையங்களும் வலைத்தகடுகளும் அச்சுள்ளிகளின் வழித்தோன்றல்களே.

வழி தெரிந்திருந்தும் ஆலையுடையார் பலர் அதனைக் கைக்கொள்ளவில்லை. ஆகவே 1863 ஆம் ஆண்டிற் காரத்தொழிற் சட்டம் இயற்றப்பட்டது. வெளிப்படும் அமில வாயுவில் நூற்றுக்கு 95 பங்காயினும் பிடிக்கப்படல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. விதி நிறைவேறுகின்றதா எனப் பார்ப்பதற்குப் பரிசோதகர் நியமிக்கப்பட்டனர். அவ்வாறு பின்னாளிற் பதவியேற்ற பரிசோதகருள் ஒருவரே ஜோர்ஜ் டேவிஸ்.

ஆலையுடையார் ஒவ்வொருவரும் தத்தம் முறையை மறைத்துவைத்த காலம் அது. ஓர் ஆலையின் தொழிலாளி மற்றோர் ஆலையின் வாயிலைக் கடப்பதும் அரிது. பரிசோதகருக்கோ எல்லா வாயில்களும் திறக்கப்பட்டன. பல்வேறு பொருள்களைச் செய்யும் ஆலைகளை அடுத்தடுத்துப் பார்வையிட்ட டேவிஸ், பொருள் வேறாயினும் செய்கை ஒன்றே என்பதைக் கண்டார். ஆவியாக்கல், வடிகட்டல், காய்ச்சி வடித்தல், உறிஞ்சல், பளிங்காக்கல், உலர்த்தல் ஆகிய சில செய்கைகளே வெவ்வேறு வரிசையில் எங்கும் நிகழ்ந்தன. இரசாயனப் பொறியியலாளருக்கென ஒரு சங்கம் நிறுவ அவர் 1880 இல் முயன்றார்; அம்முயற்சி கைகூடவில்லை. அடுத்த ஆண்டில் இரசாயனக் கைத்தொழிற் சங்கம் என்னும் பெயருடன் விரிந்த அமைப்பொன்று தோன்ற, அவர் அதன் முதற் செயலாளரானார்.

1887 ஆம் ஆண்டில் மான்செஸ்ரர் தொழினுட்பப் பாடசாலையில் டேவிஸ் 12 விரிவுரைகள் நிகழ்த்தினார். அவற்றின் புதுமை செய்திகளில் இல்லை, வகுப்புமுறையிலேயே இருந்தது. அதுகாறும் கைத்தொழில் இரசாயன நூல்கள் சவர்க்காரம், சாயம், சோடா எனப் பொருள்வழி வகுக்கப்பட்டிருந்தன. டேவிஸோ செய்கைவழி வகுத்தார். இவ்விரிவுரைகளின் அடிப்படையில் விரிந்த அவருடைய கைந்நூல் 1901 இல் வெளியாயிற்று. எனினும் பிரித்தானியா அவருடைய எண்ணத்தை விரைந்து ஏற்கவில்லை. பொறியியலாளருக்கான இரசாயனப் பொறியியல் நிறுவகம் அந்நாட்டில் 1922 ஆம் ஆண்டிலேயே அமைந்தது.

பொஸ்ரனில் விளைந்த பயிர்

மான்செஸ்ரரில் விதைத்தது பொஸ்ரனில் விளைந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் லூவிஸ் நோற்றன் என்னும் பேராசிரியர் 1888 ஆம் ஆண்டில் இரசாயனப் பொறியியலுக்கென நான்காண்டுப் பயிற்சிநெறியொன்றைத் தொடக்கினார். பெயர் புதிதாயினும் உள்ளடக்கம் இயந்திரவியலும் கைத்தொழில் இரசாயனமும் அருகருகே வைக்கப்பட்டதே. இரண்டையும் இணைக்கும் தனிக்கொள்கை அப்போது தோன்றவில்லை.

அக்கொள்கையைத் தெளிவாகக் கூறியவர் ஆர்தர் லிற்றில். அந்நிறுவகத்தின் தலைவருக்கு 1915 இல் அவர் அளித்த அறிக்கையிலே, எவ்வகை இரசாயனத் தொழிலையும் எண்ணிக்கையிற் சிலவாகிய அடிப்படைச் செய்கைகளின் தொடராகப் பகுத்துக் காட்டலாம் என்றும், அச்செய்கைகளைக் கற்றவன் எத்தொழிலிலும் புகலாம் என்றும் விளக்கினார். 'அலகுச் செய்கை' என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது. எழுத்துக்களைக் கற்றவன் எச்சொல்லையும் வாசிப்பதுபோல, அலகுச் செய்கைகளைக் கற்றவன் எவ்வாலையையும் விளங்கிக்கொள்வான் என்பதே இதன் பயன்.

அங்கே ஒரு கருத்துப்போரும் நிகழ்ந்தது. பௌதிக இரசாயனப் பேரறிஞரான ஆர்தர் நோயிஸ், அடிப்படை விஞ்ஞானத்தில் ஊன்றிய மாணவன் தொழிலறிவைப் பின்னர் எளிதிற் பெறுவான் என்றார். வில்லியம் வோக்கரோ, தொழிற்சாலையின் சிக்கல்களே கற்பித்தலுக்கு ஏற்ற பொருள் என்றார். நோயிஸ் இறுதியில் அந்நிறுவகத்தை நீங்கிக் கலிபோர்னியா சென்றார். சிறிது காலத்தில் வோக்கரும் பதவி துறந்தார். ஆட்கள் நீங்கினும் வினா நீங்கவில்லை. இப்பாடத்தின் வரலாற்றில் அது மீண்டும் மீண்டும் எழக் காண்கின்றோம்.

1916 இல் மாணவரை ஆலைகளுக்கே அனுப்பிப் பயிற்றும் செய்முறைக் கல்வித் திட்டம் அங்கே ஆரம்பமாயிற்று. 1920 இல் இரசாயனப் பொறியியல் தனித்துறையாகப் பிரிந்தது; வாரன் லூவிஸ் அதன் தலைவரானார். வோக்கர், லூவிஸ், மக்கடம்ஸ் ஆகிய மூவரும் எழுதிய 'இரசாயனப் பொறியியற் கோட்பாடுகள்' 1923 இல் வெளியாயிற்று. செய்கைகளை வருணிப்பதோடமையாது, அவற்றைக் கணிக்கவும் மாணவனைப் பழக்கியமை அந்நூலின் சிறப்பு. 1925 இல் அமெரிக்க இரசாயனப் பொறியியலாளர் நிறுவகம் 14 கல்விநிலையங்களின் பயிற்சிநெறிகளை அங்கீகரித்தபோது, அலகுச் செய்கைகளே பாடத்தின் நடுவிடத்தைப் பெற்றிருந்தன.

ஒரு வரைபின் வலிமை

காய்ச்சி வடித்தலின் கணக்கை முதலில் எழுதியவர் பிரான்சு நாட்டு ஏர்னஸ்ற் சொரெல். மதுசாரத்தைத் தூய்மையாக்கல் பற்றிய அவருடைய ஆய்வு 1890 களில் வெளிவந்தது. ஒவ்வொரு தட்டிற்கும் உட்புகும் பொருளும் வெப்பமும் வெளியேறுவனவற்றிற்குச் சமம் என்னும் நியதியை அவர் பயன்படுத்தினார். முறை சரியானதே, ஆயின் தட்டுத்தட்டாகக் கையினாற் கணிப்பது பெருந்துன்பம். பொன்சோன் 1921 இலும் சவாறிற் 1922 இலும் வெப்பக் கணக்கையும் உள்ளடக்கிய வரைபுமுறையைத் தந்தனர். அது நுட்பமானது, கற்போருக்குக் கடினமானதுமாம்.

1925 ஆம் ஆண்டில் வாரன் மக்கேப், ஏர்னஸ்ற் தீலே என்னும் இளைஞர் இருவர் பொஸ்ரனிலிருந்து மிக எளிய முறையொன்றை வெளியிட்டனர். திரவத்தில் எளிதில் ஆவியாகுங் கூறு எவ்வளவு என்பதைக் கிடையச்சிலும், அதனோடு சமநிலையிலுள்ள ஆவியில் எவ்வளவு என்பதை நிலையச்சிலும் குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். கோபுரத்தினூடு செல்லும் ஆவியினதும் திரவத்தினதும் அளவு மாறுவதில்லை எனக் கொள்ளின், அடுத்தடுத்த தட்டுக்களின் தொடர்பு ஒரு நேர்கோடாகும். இவ்விரு கோடுகளுக்குமிடையே படிக்கட்டுப்போல வரைந்து செல்க. படிகளின் எண்ணிக்கையே வேண்டிய தட்டுக்களின் எண்ணிக்கை.

இவ்வரைபு விடையைத் தருவதோடு நில்லாது, பிரித்தலின் எல்லைகளையும் கண்முன் நிறுத்துகின்றது. உச்சியில் ஒடுங்கிய திரவம் முழுவதையும் கோபுரத்திற்கே திருப்பியனுப்பின், படிகள் மிகக் குறையும். ஆயின் பயன்பொருள் ஒரு துளியேனும் வெளிவராது. திருப்பியனுப்புவதைக் குறைத்துக்கொண்டே சென்றால் எரிபொருட் செலவு குறையும், படிகளோ பெருகும். ஓர் எல்லையில் அவை எண்ணிலவாகிவிடும். உயர்ந்த கோபுரத்திற்குப் பணத்தைச் செலவிடுவதா, எரிபொருளுக்குச் செலவிடுவதா என்னும் தீர்மானம் இவ்விரு எல்லைகளுக்குமிடையே உள்ளது. மதுசாரமும் நீரும் கலந்த கலவையின் வளைகோட்டை வரைந்த மாணவன் இன்னுமொன்றைக் காண்பான். நிறைப்படி நூற்றுக்கு 95.6 என்னும் அளவில் ஆவியும் திரவமும் ஒரே அமைப்பை எய்துகின்றன. அவ்விடத்தில் வளைகோடு மூலைவிட்டத்தைத் தொடுதலால், எத்தனை தட்டுக்களை அடுக்கினும் சாதாரண அமுக்கத்தில் அதற்கப்பாற் செல்ல இயலாது.

நுட்பம் மிக்க முறை இருக்கவும் எளிய முறையே வகுப்பறையை வென்றமைக்குக் காரணம் இதுவே. எதனை விட்டுவிடலாம் என்று தேர்ந்து விட்டமையால், காணவேண்டியது தெளிவாகக் காணப்பட்டது.

செய்கையிலிருந்து கோட்பாட்டிற்கு

யாதவ்பூரில் 1921 இல் இரசாயனப் பொறியியற் கல்வி தொடங்கியது. சென்னையில் 1944 இல் நிறுவப்பட்ட அழகப்பச் செட்டியார் தொழினுட்பக் கல்லூரி தமிழ்நாட்டில் இக்கல்விக்கு நிலைக்களமாயிற்று. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இத்துறையைப் பயிற்றுகின்றது.

1960 இல் பேட், ஸ்ருவாட், லைற்பூற் ஆகிய விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் மூவரின் 'இடப்பெயர்ச்சித் தோற்றப்பாடுகள்' என்னும் நூல் வெளிவந்தது. செய்கைகளுக்கும் அடிப்படையாக உந்தம், வெப்பம், திணிவு ஆகியவற்றின் இடப்பெயர்ச்சி உள்ளது. அதனையே முதலிற் கற்பிக்க வேண்டும் என்பது அந்நூல் வகுத்த நெறி. நோயிஸின் வாதம் நாற்பதாண்டுகளின் பின் வேறு வடிவில் வென்றது எனலாம். கணிதம் ஆழ்ந்தது, ஆலை தொலைவிற் சென்றது.

அதே காலத்திலே புதிய முறையொன்றும் தோன்றிற்று. சிட்னி லோப் என்பாரும், இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பாரும் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960 ஐ அடுத்த ஆண்டுகளில் நீரை விரைந்து கடத்தி உப்பைத் தடுக்கும் மென்சவ்வை ஆக்கினர். 1965 இற் கோலிங்கா என்னும் ஊரில் அம்முறையால் உவர்நீர் நன்னீராக்கப்பட்டது. தட்டும் படியும் இல்லாத இம்முறையைப் பழைய வகுப்புமுறையுள் அடக்குதல் அரிதாயிற்று. பேர்க்கிலியில் ஜட்சன் கிங் என்பார் 1971 இல் வெளியிட்ட 'பிரித்தற் செயன்முறைகள்' என்னும் நூல் இத்தேவையை நிறைவேற்றியது. பிரித்தல் யாவற்றுக்கும் ஒரு பிரிக்குங் காரணி வேண்டும். அது வெப்பமோ அமுக்கமோ கரைப்பானோ ஆகலாம். எக்கலவைக்கு எக்காரணி ஏற்றது எனத் தேர்தலே பொறியியலாளனின் முதற்கடமை என அந்நூல் கற்பித்தது.

இன்றைய வினா

இன்று கணினி நூற்றுக்கணக்கான தட்டுக்களின் கணக்கை நொடிப்பொழுதில் முடிக்கின்றது. மக்கேப்பும் தீலேயும் வரைந்த படிக்கட்டு ஆலைகளின் வடிவமைப்பிற்கு இன்றியமையாததன்று. ஆயினும் வகுப்பறைகளில் அது தொடர்ந்து கற்பிக்கப்படுகின்றது. கணினி தரும் விடை பொருந்துமா என உணர்வதற்குப் பிரித்தலின் எல்லைகளை மனத்தால் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவில்லாதவன், 95.6 ஐக் கடக்க மேலும் தட்டுக்களைச் சேர்க்குமாறு கணினியைப் பணித்துக்கொண்டேயிருப்பான்.

இவ்வறிவின் தேவையோ பெருகியுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மொத்தச் சக்திப் பயன்பாட்டில் நூற்றுக்கு 10 முதல் 15 வரையிலான பங்கு இரசாயனப் பிரித்தல்களுக்கே செல்கின்றது என 2016 இல் வெளியான ஒரு மதிப்பீடு காட்டிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு நீர் வழங்கும் பொருட்டுத் தாளையடியில் 2024 இற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமொன்று திறக்கப்பட்டது. உப்பளத்தான் நீரைப் போக்கி உப்பைக் கொண்டான். இந்நிலையம் உப்பை நீக்கி நீரைக் கொள்கின்றது. கடல் ஒன்றே, விலைகொடுக்கும் வகையே வேறு.

டேவிஸ் செய்கையைப் பொருளிலிருந்து பிரித்தெடுத்தமையாலே இப்பாடம் பிறந்தது. பின்வந்தோர் கோட்பாட்டைச் செய்கையிலிருந்து பிரித்தெடுத்தமையால் அது வளர்ந்தது. ஆயினும் பிரித்தெடுத்த அறிவை மீண்டும் ஆலைக்கும் அளத்திற்கும் கொண்டுசென்று பொருத்திப் பார்க்கும் மாணவனிடத்திலேயே அக்கல்வி நிறைவெய்தும். வோக்கரும் நோயிஸும் தனித்தனியே வற்புறுத்தியவை ஒருவனிடத்தே கூடுதல் வேண்டும். அக்கூட்டத்தை ஆக்குவதே இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியரின் கடன்.