ஒரு வினை, பல பொருள்: மலாக்காத் தோட்டங்களில் ‘வெட்டு’



ஆங்கிலம் கற்பிப்போர் வகுப்பறையில் வியந்து கூறும் செய்தி ஒன்று உண்டு. ‘ரன்’ என்னும் சிறு வினைக்கு ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் திருத்தப் பதிப்பில் 600க்கும் மேற்பட்ட பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. மனிதன் ஓடுவது, கடையை நடத்துவது, தேர்தலில் நிற்பது ஆகிய மூன்றும் அம்மொழியில் அவ்வொரு வினைக்குள் அடங்கிவிடுகின்றன. இவ்வியல்பு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. எம்மொழியிலும் அன்றாடம் மிகுதியாகப் புழங்கும் வினையே மிகுதியான பொருள்களையும் ஏற்கும். நம் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் வாழ்ந்த ‘வெட்டு’ என்னும் தமிழ் வினையைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

முதலில் வரலாற்றுப் பின்புலம். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ரப்பர் விதைகளின் வழியாக, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டப் பொறுப்பை ஏற்ற ரிட்லி, இம்மரத்தைப் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளை இடைவிடாது வற்புறுத்தினார். அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் அவர் நட்ட மரங்களே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாகக் கருதப்படுகின்றன. பின்னர் புக்கிட் அசஹானில் அம்முயற்சி பெருகியது. ரப்பர் பரவப் பரவ, கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்தோர் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களின் தோட்டங்களில் குடியேறினர். அவர்களோடு ‘வெட்டு’ என்னும் வினையும் வந்தது.

அவர்கள் செய்த வேலை யாது? அமேசான் காட்டில் பால் சேகரித்தோர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர், மரம் புண்பட்டது. ரிட்லி ஆய்ந்து பரப்பிய முறை வேறு. மரப்பட்டையில் சாய்வாக ஒரு கீற்று இடப்படும். அடுத்த முறை அதே கீற்றின் விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்று மட்டும் எடுக்கப்படும்; பால் மீண்டும் வடியும். சீவிய பட்டை காலப்போக்கில் புதிதாய் வளரும். ஆனால் கத்தி ஆழமாக இறங்கிப் பட்டைக்குள்ளிருக்கும் வளர்படையைத் தொட்டால் மரம் காயப்படும். ஆகவே வெட்டாமல் விடும் அந்த மெல்லிய படையில்தான் தொழிலாளியின் திறம் இருந்தது.

இவ்வொரு தொழிலுக்கு மூன்று மொழிகள் மூன்று வினைகளைத் தேர்ந்தன. ஆங்கிலம் ‘டேப்’ என்றது. பீப்பாயின் அடைப்பைத் திறந்து நீர்மத்தை வடிப்பதைக் குறித்த பழஞ்சொல் அது. மெல்லத் தட்டுவதைக் குறிக்கும் மற்றொரு ‘டேப்’ பிரெஞ்சு மொழிவழி வந்தது. ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வேறு. மலாய் மொழி ‘தோரே’ என்றது. கீறுதல் என்பது அதன் பொருள். தமிழர் ‘வெட்டு’ என்றனர். ஆங்கிலம் வடியும் பாலை நோக்கியது. மலாய் பட்டையில் விழும் கோட்டை நோக்கியது. தமிழ் கத்தி பிடித்த கையை நோக்கியது. ‘சீவுதல்’ என்பாரும் உளர். செயலின் நுட்பத்துக்கு அச்சொல்லே நெருக்கமானது. ஆயினும் தென்னம்பாளை சீவிக் கள் இறக்கும் தொழிலுக்கு அது முன்பே உரித்தாகியிருந்தது. கன்னியாகுமரியிலும் இலங்கையிலும் ரப்பர்த் தொழிலாளர் ‘பால் வெட்டுதல்’ என்றே சொல்வர். மலையாளத்திலும் ‘வெட்டு’ உண்டு. ரப்பர் என்னும் பொருளுக்கு மலாயிலிருந்து ‘கித்தா’ என்னும் பெயரை இரவல் பெற்ற நம்மவர், வினையைத் தம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டனர் என்பது கருதத்தக்கது.

இனி இலக்கணம். நன்னூல் இரண்டாம் வேற்றுமைக்குக் கூறும் பொருள்களுள் மூன்று இங்கே துணைசெய்கின்றன. ‘மரத்தை வெட்டினான்’ என்பது அழித்தல். ‘கிணற்றை வெட்டினான்’ என்பது ஆக்கல். வெட்டுமுன் கிணறு இல்லை. கல்வெட்டும், காசு வெட்டுதலும் இவ்வகையின. ‘பாலை வெட்டினான்’ என்பதை அடைதலின்பாற் படுத்தலாம். மரத்துள் முன்பே இருக்கும் பாலை அவ்வெட்டு கைக்கு வரச்செய்கிறது. வினை ஒன்றே, அது தழுவும் செயப்படுபொருளே பொருளை மாற்றுகிறது.

தோட்டத்துத் தமிழ் இதனினும் ஒருபடி மேற்சென்றது. பால் வெட்டுவதையே ‘மரம் வெட்டுதல்’ என்றும் சொல்லியது. மதுரையில் ‘அவர் மரம் வெட்டினார்’ என்றால் மரம் விழுந்துவிட்டது. ஜாசின் தோட்டத்தில் அதே தொடருக்கு, அதே மரத்தை மீண்டும் வெட்டலாம் என்று பொருள். அழிவைக் குறித்த தொடர் பேணுதலைக் குறிக்கலாயிற்று.

‘வெட்டு’ பெயர்ச்சொல்லாகி வாழ்வாதாரத்தின் பெயராகவும் நின்றது. மழையில் பட்டை நனைந்தால் பால் கோட்டைவிட்டு வழிந்து வீணாகும். அன்று வெட்டு இல்லை. நாட்கூலிக் காலத்தில் வெட்டு இல்லாத நாள் கூலி இல்லாத நாளாகும். ‘வெட்டி வேலை’ என்பதிலுள்ள ‘வெட்டி’ இதனின் வேறான சொல். சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறிப்பது அது. வடமொழி ‘விஷ்டி’யோடு தொடர்புடையது என்பர். ஆங்கிலத்தின் இரு ‘டேப்’களைப் போன்றதே இவ்வொப்புமையும்.

1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் கூறுகூறாக விற்கப்பட்டன. அதனை நம் மக்கள் ‘தோட்டத் துண்டாடல்’ என்றனர். அவ்வெட்டு நிலத்தின்மேல் விழுந்தது. பல குடும்பங்கள் வேலையையும் லயத்தையும் ஒருங்கே இழந்தன. அதனை எதிர்கொள்ளவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் ரப்பர் இருந்த இடங்களிற் பெரும்பகுதியைச் செம்பனை பிடித்தது. ‘குலை வெட்டுதல்’ என வினை புதிய செயப்படுபொருளைப் பெற்றது. ஆனால் தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அங்கு பிறந்த பிள்ளைக்கு ‘வெட்டு’ முடியோடும் கேக்கோடும் நின்றுவிட்டது.

இதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று வினவலாம். மலாக்கா நகரின் காஜா பேராங்கில் வாழும் செட்டி சமூகத்தாரைக் காணுங்கள். தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களாகிய அவர்கள் இந்து சமயத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகின்றனர். மொழியோ மலாயாகிவிட்டது, சடங்கும் உறவும் சார்ந்த சில தமிழ்ச் சொற்களே எஞ்சின. பெயர்ச்சொல் அயல்மொழிக்குள்ளும் உயிர்வாழும். வினைச்சொல் பால், இடம் காட்டும் தன் விகுதிகளோடும் காலம் காட்டும் இடைநிலைகளோடும் வாழ்வது. தன் மொழி பேசப்படும்வரையில்தான் அதற்கு வாழ்வு.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ‘என் பாட்டி மரம் வெட்டினார்’ என்று மாணவர் எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். எந்தத் தோட்டத்தில், எந்தப் பொருளில் என்று கேளுங்கள். மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோரிடம் தோட்டத்து வினைகளைக் கேட்டு எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல், எதனை வெட்டினார்கள், எப்போது வெட்டினார்கள், எந்தத் தொடரில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வினையின் பொருள் தொடரில்தான் இருக்கிறது. அத்தொடரைச் சொல்லக்கூடியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.