இரண்டு சூரியோதயம்

இரண்டு ஊர்களுக்கு இடையே எத்தனை மைல் என்பதைப் பூகோளப் புத்தகம் சொல்லிவிடும். எத்தனை மணிப் பிரயாணம் என்பதைச் சரித்திரத்தைத்தான் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்திலிருந்து இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலைக்கு ஆகாய மார்க்கமாக 3,513 மைல். 1943-ல் அந்தத் தூரத்தைக் கடந்தவர்களின் கதையை நான் கற்பனையாக எழுதியிருந்தால், பத்திரிகாசிரியர் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

யுத்தத்துக்கு முன் சிட்னியிலிருந்து இங்கிலாந்து செல்லும் விமானங்கள் சிங்கப்பூர் வழியாக, ஊர் ஊராக இறங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தன. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அந்த வழியும் அறுந்தது. ஏப்ரலில் கொழும்பின்மேல் குண்டு விழுந்தது. சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடியதும் அப்போதுதான். இனி ஆஸ்திரேலியாவிலிருந்து மேற்கே வர வேண்டுமானால் நடுவில் எங்கும் நிற்காமல் இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டியாக வேண்டும்.

குவாண்டாஸ் கம்பெனி ஐந்து 'காட்டலினா' விமானங்களைக் கொண்டு அதைச் செய்தது. தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே கிளம்பும் ஜாதி அது. பெர்த்தில் ஸ்வான் நதி; இங்கே கொக்கலை ஏரி. அந்த ஏரிக்கரையில் விமானத் தளம் அமைப்பதற்காகக் கிராமத்து ஜனங்களை வீடு வாசலை விட்டுக் கிளப்பிவிட்டார்கள். சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்காவின் சொந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு எப்படியோ தப்பியது.

விமானத்தின் பாரமெல்லாம் பெட்ரோல்தான். பெட்ரோல் போக மிஞ்சிய இடத்தில் மூன்று பிரயாணிகளும் கொஞ்சம் தபாலும்! கிளம்பிய முதல் சில மணி நேரத்துக்குள் ஒரு எஞ்சின் நின்றுவிட்டால், மற்றொன்றால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. இது தெரிந்தேதான் ஏறினார்கள். ஜப்பானியர் காதில் விழாதிருக்க ரேடியோவில் பேச்சு இல்லை. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். அபாயமான பகுதியை இருட்டில் தாண்டும்படி புறப்படும் நேரத்தை அமைத்தார்கள். காற்று அனுகூலமாக இருந்தால் 27 மணி நேரம். எதிர்த்தால் முப்பதைத் தாண்டும். மிக நீண்ட பிரயாணம் 32 மணி 9 நிமிஷம். ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்க'த்தின் அங்கத்தினர் என்று ஒரு பத்திரமும் கொடுத்தார்கள். உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு காகிதம்! ஆனாலும் எனக்கு அந்த வேடிக்கை பிடித்திருக்கிறது.

1945 ஜூலை வரை 271 தடவை கடந்தார்கள், 648 பிரயாணிகள். ஒரு விமானமாவது, ஓர் உயிராவது போகவில்லை. 2018-ல் அதே கம்பெனி பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேராகப் பறக்க ஆரம்பித்தது; பிரயாண நேரம் சுமார் 17 மணிதான்.

அந்த ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்கள். ஸ்பைகா என்பது நம் சித்திரை, அன்டாரிஸ், கேட்டை, ஆல்டேர், திருவோணம், வேகா, அபிஜித்து. ஐந்தாவது ரைஜல், மிருகசீரிஷத்துக்குப் பக்கத்தில் மின்னுவது. யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்களுடன் செய்துகொண்ட கடன் ஒப்பந்தத்தின்படி அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாதாம். ஐந்தையும் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.