மலைமேல் ஒரு கண்மாய்: கொடைக்கானல் ஏரியும் கோடைநகரின் உருவாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

பழனி மலைத்தொடரின் மேல்தளத்தில் அமைந்த கொடைக்கானல், தமிழகத்தின் முதன்மையான கோடைநகரங்களுள் ஒன்று. அந்நகரின் மையமாக விளங்கும் ஏரி இயற்கையில் அமைந்ததன்று. 1863இல் ஓடைக்குக் குறுக்கே கரையெடுத்து உருவாக்கப்பட்டது. சமவெளியின் வெப்பம், நோய், வறட்சி ஆகியவற்றோடு இந்நகரின் வரலாறு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதையும், கண்மாய்த் தொழில்நுட்பம் மலைமேல் வேறொரு நோக்கத்திற்குப் பயன்பட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொடைக்கானல், ஏரி, கண்மாய், மதுரை மாவட்டம், இராமநாதபுரம், குடிமராமத்து

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டத்தின் அபிராமம், கமுதி வட்டாரங்களில் நீர் என்றாலே கண்மாய்தான். நிலச்சரிவின் குறுக்கே கரையெழுப்பி மழைநீரைத் தேக்குவதும், மடை வழியே வயலுக்குப் பாய்ச்சுவதும், மிகுநீரைக் கலுங்கு வழியே வெளியேற்றுவதும் அந்நிலத்தார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட முறை. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் பெறும் நிலத்தில், தேக்கிவைக்காத நீர் இல்லாத நீரே ஆகும்.

இவ்வறண்ட நிலத்திற்கும் குளிர்ந்த கொடைக்கானலுக்கும் தொடர்பு உண்டா என்ற வினா எழலாம். தொடர்பு இருவகையில் உண்டு. முதலாவது நீர்வழித் தொடர்பு. பழனி மலையின் தென்சரிவு நீரைப் பெறும் வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி ஆகியன வைகையில் கலக்கின்றன. வைகையின் எஞ்சிய நீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயைச் சேர்கிறது. இரண்டாவது நிருவாகத் தொடர்பு. 1910இல் தனி மாவட்டம் உருவாக்கப்படும்வரை இராமநாதபுரம் ஜமீன் பகுதி மதுரை மாவட்டத்திற்குள்ளேயே இருந்தது. கண்மாய் நிலத்தையும் மலையையும் ஒரே ஆட்சியரே மேற்பார்வையிட்டார்.

ஐரோப்பியர் வருகைக்கு முன்

கொடைக்கானலின் வரலாற்றை ஆங்கிலேயரிடமிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆயின் இம்மலையில் மனித வாழ்வு மிகத் தொன்மையானது. பழனி மலையின் கற்திட்டைகளை ஆராய்ந்து ஆங்கிலாத், நியூட்டன் ஆகிய இயேசு சபைக் குருமார் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. புறநானூறு குறிப்பிடும் கடியநெடுவேட்டுவனின் கோடைமலையை இம்மலையோடு இணைத்துக் காண்போர் உளர். பளியர் காட்டுவளத்தைச் சார்ந்து வாழ்ந்தனர். குன்னுவர் முதலியோர் வில்பட்டி, பூம்பாறை போன்ற ஊர்களில் வேளாண்மை செய்தனர். பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயில் இம்மலையின் வழிபாட்டு மரபுக்குச் சான்றாக நிற்கிறது. ஆகவே பின்னர் வந்தோர் கண்டது ஆளில்லா நிலமன்று.

நோயிலிருந்து ஒரு புகலிடம்

1821இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு இம்மலையை அளவாய்வு செய்தார். 1834இல் மதுரைத் துணை ஆட்சியர் ரௌட்டன் செண்பகனூரில் ஒரு மாளிகை கட்டினார். எனினும் நிலையான குடியிருப்புக்கு வழிவகுத்தவர்கள் அமெரிக்க மறைப்பணியாளர்களே. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிவந்த அமெரிக்க மிஷன் 1834இல் மதுரையில் கிளை தொடங்கியது. திருமங்கலம், மானாமதுரை, அபிராமத்திற்கு அண்மையிலுள்ள மண்டபசாலை முதலிய இடங்களுக்கு அப்பணி விரிந்தது. வெப்பமும் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களுள் பலரின் உயிரைப் பறித்தன. முதலில் நாடிய சிறுமலையிலும் காய்ச்சல் தொடரவே, 1845இல் கொடைக்கானலில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரு வீடுகளைக் கட்டினர்.

சென்னை மாகாண அரசின் கோடைக்கால இருக்கையாக வளர்ந்த உதகமண்டலத்திலிருந்து கொடைக்கானல் இவ்விடத்தில் வேறுபடுகிறது. அதிகாரத்தின் இருக்கையாகவன்றி, உயிர்பிழைக்கும் புகலிடமாகவே இது தோன்றியது. மலைமேல் வாழ்ந்தோரின் உடல்நலத்தைச் சமவெளி மக்களின் தோள்களே சுமந்தன. பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரத்திலிருந்து டோலிகளிலும் குதிரைகளிலும் பயணியர் ஏறினர். சுமை முழுவதும் கூலியாட்களின் தலைமேல் சென்றது. 1875இல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தபின் அம்மையநாயக்கனூர் நிலையம் கொடைக்கானல் பயணத்தின் வாயிலாயிற்று. மேஜர் லாவின் பெயரால் வழங்கும் மலைச்சாலையின் பணி 1870களில் தொடங்கியும், முதல் உலகப்போர்க் காலத்தில்தான் மோட்டார் வண்டிகள் அவ்வழியே ஏறின.

ஏரியின் தோற்றம்

மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு 1863இல் சதுப்பான பள்ளத்தாக்கில் ஓடிய ஓடையைக் கரையெடுத்துத் தேக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில், விண்மீன் வடிவில் நீர் பரவியது. தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவரப்பட்டது. பணிஓய்வுக்குப் பின் கொடைக்கானலிலேயே வாழ்ந்த லெவிஞ்சு 1885இல் மறைந்தார். பெரியகுளத்துக் குதிரைப்பாதையைச் செப்பனிட்டதும், ஐரோப்பியப் பழமரங்களை அறிமுகம் செய்ததும் அவர் பணிகளாகும்.

தொழில்நுட்ப நோக்கில் இவ்வேரி ஒரு கண்மாயே. சரிவு, ஓடை, கரை, மிகுநீர்ப்போக்கு ஆகிய அனைத்தும் இதற்கும் உண்டு. இல்லாதது ஆயக்கட்டு. இதனை நம்பி வயல் இல்லை. மடைத்திறப்பை எதிர்நோக்கும் குடிகளும் இல்லை. நீரின் பயன் காட்சியும் படகுலாவும் ஆயின. இக்காலச் சூழலோடு ஒப்பிடுகையில் இதன் பொருள் தெளிவாகும். 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கண்மாய்க்கரை காக்கும் ஊரார் உழைப்பைச் சட்டக் கடமையாக்கியிருந்தது. மேற்குமலை நீரை வைகைக்குத் திருப்பும் எண்ணம், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளையால் முன்வைக்கப்பட்டிருந்தது. பொருளின்மையால் அது கைவிடப்பட்டது. 1808இல் ஜேம்சு கால்டுவெல் அது இயலாதது எனக் கருதினார். பெரியாறு அணை நிறைவேறியது 1895இல்தான். வைகைப் பாசனத்திற்கான மலைநீர் நூறாண்டு காத்திருக்க, ஓய்வுக்கான ஏரி ஓர் ஆட்சியரின் விருப்பத்தால் உருவாயிற்று. இரண்டின் அளவும் செலவும் ஒப்பிடத்தக்கவையல்ல. ஆயின் முன்னுரிமைகளின் வேறுபாடு கருதத்தக்கது.

வறட்சியும் வானாய்வும்

கொடைக்கானல் சமவெளியை முற்றிலும் மறந்துவிடவும் இல்லை. 1876–78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை அழித்தபின், பருவமழை பொய்ப்பதற்கும் கதிரவனின் செயற்பாட்டிற்கும் தொடர்பு உண்டா என்ற ஆய்வு வலுப்பெற்றது. அதன் பயனாக 1899இல் கொடைக்கானலில் சூரிய வானாய்வகம் நிறுவப்பட்டது. 1901இல் நோக்கீடுகள் தொடங்கின. 1909இல் ஜான் எவர்ஷெட், கதிரவப் புள்ளிகளில் வளிமம் புறநோக்கி ஓடுவதை இங்குக் கண்டறிந்தார். அது இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என அவர் பெயரால் வழங்குகிறது. பஞ்சத்தில் தோன்றிய வினா, கதிரவனைப் பற்றிய அடிப்படை அறிவாக விளைந்தது.

காட்சியிடங்களும் நான்கு பருவங்களும்

லெப்டினன்ட் கோக்கர் பெயரால் 1872இல் அமைந்த நடைபாதை, 1908இல் திட்டமிடப்பட்ட பிரையண்ட் பூங்கா, தூண்பாறைகள், செண்பகனூர் இயேசு சபையாரின் இயற்கை அருங்காட்சியகம் ஆகியன இன்றும் பயணியரை ஈர்க்கின்றன. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் 1936இல் எழுப்பிய குறிஞ்சியாண்டவர் கோயில், இம்மலைக்கும் ஈழத்திற்குமான உறவின் மற்றொரு சான்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மலர்ந்தது.

ஏப்ரல், மே மாதங்களில் நண்பகல் வெப்பமும் 20 பாகை செல்சியசு அளவிலேயே நிற்கிறது. தென்மேற்குப் பருவத்தில் சாரலும் மூடுபனியும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழையும், மார்கழி தையில் உறைபனியும் காணலாம். எனவே கோடைக்கு மட்டும் உரிய ஊராக இருந்தது, ஆண்டு முழுதும் மக்கள் வரும் ஊராக மாறியுள்ளது.

பொறுப்பு யாருடையது?

கண்மாய்க்கு உரிமையுடையோர் உண்டு. ஆகவே குடிமராமத்தும் உண்டு. தூர்ந்தால் தம் வயல் காயும் என்பதை அறிந்தோர் அதனைத் தூர்வாரினர். காட்சிக்கென அமைந்த ஏரிக்குப் பார்வையாளரே மிகுதி. கழிவுநீர்க் கலப்பும் நீர்த்தாவரப் பெருக்கமும் இவ்வேரியைத் தொடர்ந்து வருத்துகின்றன. 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் கலந்திருந்ததை ஆய்வுகள் காட்டின. இதற்கு மாறாக, அதே மலையில் கரையெடுத்து அமைக்கப்பட்ட பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது. அங்குச் செல்ல வனத்துறையின் இசைவு தேவை. பயன்கொள்ளும் ஊர் ஒன்று இருப்பது நீர்நிலைக்குக் காவலாக அமைவதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

முடிவுரை

கொடைக்கானல் சமவெளியிலிருந்து விலகிப்போன தனியுலகமன்று. சமவெளியின் நோய் அதற்குக் குடிகளைத் தந்தது. சமவெளியின் உழைப்பு அதற்கு வழி தந்தது. சமவெளியின் பஞ்சம் அதற்கு வானாய்வகம் தந்தது. அதன் ஏரியோ, கண்மாய் நாடு நெடுங்காலம் அறிந்திருந்த முறையில் உருவானது. அவ்வேரியை அழகிய காட்சியாக மட்டும் காணாது, பராமரிப்புக் கடமை உடைய நீர்நிலையாகக் காண்பதே அதன் வரலாறு உணர்த்தும் பாடமாகும். அப்பாடத்தைக் கற்பிக்கும் தகுதி அபிராமம் போன்ற கண்மாய் ஊர்களின் மரபுக்கு உண்டு.