குறிப்பு நீளலாம், பொய் சொல்லக் கூடாது: கிரிப்டிக் குறுக்கெழுத்து தமிழில் எப்படி வேலை செய்கிறது?

'மெரினாவில் காதலர்கள் பார்ப்பது, கொறிப்பது, போடுவது எல்லாம் ஒன்றுதான் (3)'

இது ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 3, விடையின் எழுத்து எண்ணிக்கை. விடை: கடலை. பார்ப்பது கடலை, அதாவது கடல் என்ற சொல்லோடு 'ஐ' வேற்றுமை உருபு. கொறிப்பது வேர்க்கடலை. போடுவது எந்தக் கடலை என்று உங்களுக்கே தெரியும்.

இதையே 'வறுத்துத் தின்னும் பயறு' என்று இரண்டு நொடியில் எழுதி முடித்திருக்கலாம். அப்புறம் ஏன் இவ்வளவு நீளமாகச் சுற்றி வளைக்க வேண்டும்? ஏன்னா, நல்ல குறிப்பு நேராகக் கேள்வி கேட்காது. ஒரு குட்டிக் கதை சொல்லும், அதற்குள்ளேயே விடைக்கான வழியையும் வைத்திருக்கும். இந்த வகைக்குப் பெயர் கிரிப்டிக் குறுக்கெழுத்து. ஆங்கில நாளிதழ்களில் பல தலைமுறைகளாக ஓடும் இந்த விளையாட்டுக்குத் தமிழ் எப்படி ஒத்துழைக்கிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

ஆர்தர் வின் என்பவர் அமைத்த முதல் குறுக்கெழுத்து, 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வெளியானது. வைர வடிவக் கட்டம், அகராதி பாணிக் குறிப்புகள். அவ்வளவுதான்.

கடல் தாண்டி பிரிட்டன் போனதும் ஆட்டம் மாறியது. 1926-ல் 'அப்சர்வர்' இதழில் டார்கிமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் போயிஸ் மாதர்ஸ் புதிர் அமைக்கத் தொடங்கினார். குறிப்புகளை முழுக்க முழுக்கச் சொல்விளையாட்டாக மாற்றியவர் அவர். ஸ்பெயினின் சமய விசாரணை அதிகாரி ஒருவரின் பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டவரிடம் கருணையை எதிர்பார்க்க முடியாது. அவருடைய புதிர்கள் வாசகர்களைப் படுத்தி எடுத்தன. 1930-ல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழும் குறுக்கெழுத்து வெளியிட ஆரம்பித்தது.

விதிகள் பிறகுதான் வந்தன. 1939-ல் டார்கிமாடா இறந்த பின் அந்த இடத்துக்கு வந்த டெரிக் மெக்நட், சைமனீஸ் என்ற புனைபெயரில் எழுதினார். 1966-ல் குறுக்கெழுத்துக் கலை பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றும் பலருக்கு வேதம். அவர் வலியுறுத்தியதைச் சுருக்கினால் இப்படி வரும்: குறிப்பில் விடையின் பொருள் இருக்க வேண்டும், விடையைக் கட்டும் வழி இருக்க வேண்டும், மூன்றாவதாக எதுவும் இருக்கக் கூடாது. வாசகரைத் திசைதிருப்பலாம். ஆனால் அவரிடம் பொய் சொல்லக் கூடாது.

தமிழில் என்னென்ன வித்தை செய்யலாம்?

சிலேடை: ஒரே சொல், இரண்டு பொருள். 'ஔவை ஊதிச் சாப்பிட்டதை நீங்கள் ராத்திரி முழுக்கப் படிப்பீர்கள் (3)'. விடை நாவல். முருகன் உலுக்கிய மரத்துப் பழமும் அதுதான், தூக்கத்தைக் கெடுக்கும் புத்தகமும் அதுதான். காளமேகப் புலவரைப் பள்ளியில் படித்த யாருக்கும் இது புதுசு இல்லை.

ஒளித்து வைத்தல்: 'அந்த வளைக்குள் மழை வரப் பாடும் பாகவதர் (3)'. படிக்கும்போது எலி வளை மாதிரி ஒரு பொந்து மனதில் வரும். 'அந்த வளை' என்ற இரண்டு சொற்களை ஒட்டிப் பாருங்கள். நடுவில் தவளை உட்கார்ந்திருக்கும்.

கலைத்துப் போடுதல்: 'பிழைக்க வந்து குடியேறிய இடம், உள்ளே இரண்டு பேர் இடம் மாறிக்கொண்டால் நரகம் (4)'. விடை நகரம். இடம் மாறும் அந்த 'இரண்டு பேர்' க-வும் ர-வும். வாடகை கட்டும் தேதியில் இந்தக் குறிப்பு இன்னும் நன்றாகப் புரியும்.

திருப்பிப் போடுதல்: 'எந்தப் பக்கமிருந்து போனாலும் காவிரி பிறந்த இடத்துக்கே வருவீர்கள் (3)'. விடை குடகு. இடமிருந்து வலம் படித்தாலும் வலமிருந்து இடம் படித்தாலும் அதேதான். இதற்கும் நம்மிடம் பழைய பெயர் உண்டு: மாலைமாற்று. அந்த வடிவத்தில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். தண்டியலங்காரம் இதைச் சித்திரக்கவி வகைகளில் ஒன்றாகச் சொல்கிறது.

தமிழ் வார இதழ்களில் புதிர் போட்டவர்களுக்கு இதெல்லாம் ஓரளவு பழக்கமானதே. 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்று தனித் தலைப்பு போட்டுக் குறிப்பு தருவதும், 'தலையில்லை', 'குழம்பியிருக்கிறது' என்று வாலில் ஒட்டுவதும் நம் ஊர் வழக்கம். ஆனால் அங்கே வித்தை தனியாக, அறிவிப்புப் பலகை மாதிரி நிற்கும். கிரிப்டிக் வகையில் அந்தப் பலகையே கதையின் ஒரு பகுதியாகிவிடும்.

ஒரு நீளமான குறிப்பு எப்படி எழுதப்படுகிறது?

'கவிதை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

முதல் முயற்சி: 'புலவர் எழுதுவது (3)'. தப்பில்லை. ஆனால் 'பாட்டு' என்பதும் மூன்று எழுத்துதான், அதுவும் பொருந்தும். குறுக்கே போகும் சொல் கை கொடுத்தால்தான் விடை உறுதியாகும்.

இரண்டாவது முயற்சி: சொல்லை உடைத்தால் க + விதை. 'க' எங்கிருந்து வரும்? விதை என்றதும் விவசாயி, விவசாயி என்றதும் கடன். கடனின் முதல் எழுத்து 'க'. 'முதல்' என்பதற்கு வட்டியோடு வரும் அசல் தொகை என்றும் பொருள் உண்டு. இப்போது கதை தானாகவே கிடைத்துவிட்டது: 'வட்டியை விடுங்கள், கடனில் முதலை மட்டும் எடுத்து விதைக்கு முன் போட்டால், பாரதிக்கு அமோக விளைச்சல் (3)'.

மூன்றாவது முயற்சி என்பது வெட்டுவதுதான். ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்க வேண்டும். 'கடனில் முதலை மட்டும் எடுத்து': க. 'விதைக்கு முன் போட்டால்': அதை விதைக்கு முன்னால் வை. 'பாரதிக்கு அமோக விளைச்சல்': விடையின் பொருள். 'வட்டியை விடுங்கள்': வேலையே இல்லை. சிரிப்பு வந்தாலும் அதைத் தூக்கிவிட வேண்டும்.

மிஞ்சுவது: 'கடனில் முதலை மட்டும் எடுத்து விதைக்கு முன் போட்டால், பாரதிக்கு அமோக விளைச்சல் (3)'. நடுவில் ஒரு முதலை வாயைப் பிளந்து பயமுறுத்துவது இலவச இணைப்பு.

ஆக, நீளத்துக்கு உச்ச வரம்பு கிடையாது. சும்மா நிற்கும் சொல் ஒன்றுகூட இல்லையென்றால், இருபது சொல் குறிப்பும் நியாயமானதே. 'கார்டியன்' நாளிதழில் அரௌகேரியா என்ற பெயரில் புதிர் அமைத்த பாதிரியார் ஜான் கிரஹாம் இதற்குப் பெயர் போனவர். கிறிஸ்துமஸ் பாடல் போலவே ஒலிக்கும் ஒரு நீண்ட வரியை அவர் குறிப்பாகக் கொடுத்தார். அதன் 59 எழுத்துகளையும் கலைத்து அடுக்கினால், வேறொரு புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பாடலின் தொடக்கம் முழுசாக வரும். ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. தனக்குப் புற்றுநோய் வந்திருப்பதை 2013 ஜனவரியில் 'கார்டியன்' வாசகர்களிடம் அவர் சொன்னதும் ஒரு குறுக்கெழுத்தின் விடைகள் வழியாகத்தான். அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.

இரண்டு விடை பொருந்தினால் என்ன குடி முழுகிவிடும்?

இந்தியாவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

1950-களில் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பெரிய பரிசுத் தொகை அறிவித்து நடத்தப்பட்ட குறுக்கெழுத்துப் போட்டிகள் நாட்டில் ஏராளம். பெங்களூரிலிருந்து வந்த 'ஸ்போர்டிங் ஸ்டார்' என்ற வார இதழ் வழியாக நடந்த ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்து அவற்றில் ஒன்று. பம்பாய் மாகாணத்திலும் அது பரவலாக விற்றது. அந்த மாகாண அரசு வரி கேட்க, வழக்கு தொடங்கியது. இதற்கிடையே 1955-ல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. எழுத்து, சொல் ஆகியவற்றை அடுக்கி விடை காணும் புதிர்களுக்கு மாதத்துக்கு மொத்தம் ₹1,000-க்கு மேல் பரிசு தரக் கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 நுழைவுகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்பவை அதன் முக்கிய விதிகள்.

1957-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. பம்பாய் வழக்கில், அந்தப் போட்டி சூதாட்டத் தன்மை கொண்டது என்றது. இன்னொரு வழக்கில், 1955-ம் ஆண்டுச் சட்டம் சூதாட்ட வகைப் போட்டிகளுக்கு மட்டுமே பொருந்தும், கணிசமான திறமையால் வெல்லும் போட்டிகளுக்குப் பொருந்தாது என்று விளக்கியது.

இதைக் கவிதை - பாட்டு உதாரணத்தோடு வைத்துப் பாருங்கள். 'புலவர் எழுதுவது' என்று கேட்டுவிட்டு, இரண்டும் பொருந்தும்போது அமைப்பாளர் உறையில் மூடி வைத்த சொல்லுக்கு மட்டும் பரிசு என்றால், அது காசைச் சுண்டிப் போடுவது போலத்தான். 'கடனில் முதல்' குறிப்புக்கோ ஒரே விடைதான். கண்டுபிடித்தவருக்கு உறையைத் திறந்து சரிபார்க்கும் அவசியமே இல்லை. புதிருக்கும் சூதுக்கும் நடுவே இருக்கும் கோடு, ஒவ்வொரு குறிப்பின் நியாயத்திலும் இருக்கிறது. பணம் இல்லாத விளையாட்டுக்கும் இது பொருந்தும். அங்கே வாசகர் பந்தயம் வைப்பது தன்னுடைய அரை மணி நேரத்தை.

அப்போ தமிழில் ஏன் இது அதிகம் இல்லை?

மொழியில் வசதி இருக்கு, சிக்கலும் இருக்கு.

முதல் சிக்கல் எண்ணிக்கை. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247. கட்டத்தில் ஒரு சதுரத்துக்கு ஓர் எழுத்து என்று வைப்பதால், இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்தில் 'க' வேண்டுமென்றால் 'க'-தான் வேண்டும், 'கா' உதவாது. கலைத்துப் போட்டால் இன்னொரு சொல் வரும் ஜோடிகள் கிடைப்பதும் அபூர்வம். நகரம் - நரகம் மாதிரி அமைந்தால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, இலக்கணம். சொல்லின் தொடக்கத்தில் மெய்யெழுத்து வராது. நடுவில் தனி உயிரெழுத்து பொதுவாக வராது. ஆகவே 'அ' இருக்கும் சதுரத்தில் இரண்டு சொற்கள் சந்தித்தால், இரண்டுமே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கட்டம் வரைபவருக்கு இது தலைவலி. விடை தேடுபவருக்கோ துப்பு. நகரத்தின் நான்கு எழுத்துகளை 24 விதமாக அடுக்கலாம். 'ம்' முதலில் வராது என்ற ஒரு விதியே அதை 18 ஆகக் குறைத்துவிடுகிறது.

மூன்றாவது, சந்தி. 'அந்த வளை' என்பதில் தவளை ஒளிய முடிந்தது, நடுவில் ஒற்று மிகாததால்தான். 'அந்தக் குகை' என்றால் க் வந்து குறுக்கே நிற்கும். கடலைக்கும் இதே கதை. 'கடலைப் பார்ப்பது' என்று எழுதினால் ப் வரும், 'கடலை கொறிப்பது' என்றால் ஒற்று வராது. அதனால்தான் அந்தக் குறிப்பில் வினைகளை மட்டும் சொல்லி, பெயரை வெளியே விட்டிருக்கிறோம். வல்லினம் மிகும், மிகா இடங்களைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவர்களுக்கு அதை வைத்து விளையாடவும் முடியும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழ் நம்மில் பலருக்கு வீட்டில் பேசுவதற்கும் வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதற்கும் மட்டும் என்று சுருங்கிவிட்டது. சொல்லை உடைத்து, கவிழ்த்து, முகர்ந்து பார்க்கும் வேலையை ஆங்கிலப் புதிர்களில் தினமும் செய்கிறோம். அதே வேலையைத் தமிழில் செய்தால் ஒவ்வொரு சொல்லும் கொஞ்சம் புதிதாகத் தெரியும். கவிதைக்குள் விதை இருப்பதைப் பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

ஆரம்பிப்பது சுலபம். உங்களுக்குப் பிடித்த ஒரு சொல்லை எடுத்து, உடைத்து, கிடைத்த துண்டுகளை வைத்து ஒரு வரிக் கதை எழுதுங்கள். பிறகு வேலை இல்லாத சொற்களை வெட்டுங்கள். நண்பருக்கு அனுப்புங்கள். விடை தெரிந்ததும் அவர் 'அட!' என்றால் குறிப்பு தேறியது. 'இது எப்படிப்பா?' என்று கேட்டால் இன்னும் வெட்ட வேண்டும்.

அதுவரை உங்களுக்கு ஒன்று, விடை இல்லாமல்:

'எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் படிக்கச் சொல்கிறார் வள்ளுவர் (3)'